சிறுநீரகப் புற்றுநோயும் நம் வாழ்க்கை முறையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



மகிழ்ச்சிக்குரிய வெள்ளி விழா மேடையில் நோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோமே என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். காரணத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். நம் மாவட்டத்து ஆரணி வட்டாரத்தில் பிறந்து, 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விக்கூடம் தொடங்கிய சுவாமி சகஜானந்தர் முதல் இன்றுவரை, நம் மக்களுக்கு எழுத்தறிவூட்டப் பாடுபட்டோர் பலர். அவர்கள் இட்ட வித்தின் விளைச்சலாகவே இன்று நம் வீடுகளில் பட்டதாரிகளும், ஆசிரியர்களும், செவிலியர்களும், அரசு ஊழியர்களும் இருக்கின்றனர். ஒரு குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, முதன்முதலாக மாத ஊதியம் வாங்கும் ஒருவரை உருவாக்குவதற்குத் தந்தையின் கூலியும், தாயின் தாலிக்கொடியும், தமக்கையின் பாதியில் நின்ற படிப்பும் செலவாகியிருக்கின்றன. அத்தகைய ஒருவர் ஐம்பது வயதுக்குள் கொடுநோய்க்கு ஆளானால், தம்பியின் கல்லூரிக் கட்டணம் நின்றுபோகிறது. வீடு மறுபடியும் வட்டிக்காரனின் வாசலுக்குப் போகிறது. இருபத்தைந்து ஆண்டு உழைப்பு இருபத்தைந்து மாதங்களில் கரைந்துவிடுகிறது.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1956 டிசம்பர் 6ஆம் நாள் தமது 65ஆம் வயதில் மறைந்தார். அவருடைய இறுதி ஆண்டுகளில் நீரிழிவு நோய் அவரை வாட்டிற்று. உடல்நலத்தோடு இன்னும் பத்தாண்டு அவர் வாழ்ந்திருந்தால் நமக்கு எத்துணை ஆக்கம் விளைந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்காதவர் நம்முள் இல்லை. ஆதலின் உடலைப் பேணுவதையும் கல்வித் தொண்டின் ஒரு கூறாகவே கருதி, சிறுநீரகப் புற்றுநோய் என்னும் பொருளை இன்று எடுத்துக்கொண்டோம்.

முதற்கண் சிறுநீரகத்தின் பணியை அறிவோம். முதுகெலும்பின் இருபுறமும், கடைசி விலா எலும்புகளை ஒட்டி, அவரை விதையின் வடிவில் அமைந்த இரண்டு உறுப்புகளே சிறுநீரகங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150 கிராம் எடையுடையது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ பத்து இலட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உள்ளன. இவ்விரண்டும் சேர்ந்து நாள்தோறும் இரத்தத்திலிருந்து சுமார் 180 லிட்டர் நீரை வடித்தெடுக்கின்றன. அதில் மிகப் பெரும்பகுதியை மீண்டும் இரத்தத்திற்கே திருப்பியளித்துவிட்டு, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் கழிவுகளோடு சிறுநீராக வெளியேற்றுகின்றன. உடலின் உப்பையும், இரத்த அழுத்தத்தையும் சீராக வைத்திருப்பதும் இவற்றின் கடமையே. ஊர் உறங்கும் நேரத்தில் எழுந்து ஊரைத் துப்புரவாக்கும் தொழிலாளியின் உழைப்பைப் போல, சிறுநீரகத்தின் உழைப்பும் எவர் கண்ணிலும் படுவதில்லை.

இவ்வுறுப்பின் உயிரணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகிக் கட்டியாவதே சிறுநீரகப் புற்றுநோய். 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் புதிதாக இந்நோய்க்கு ஆளாயினர். பெண்களைவிட ஆண்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு மிகுதியாக வருகிறது. ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும் நோக்க, நம் நாட்டில் இதன் அளவு குறைவே. அவ்வாறிருக்க நாம் ஏன் கவலைப்பட வேண்டும் எனில், அந்நாடுகளில் இந்நோயைப் பெருக்கிய வாழ்க்கை முறை இப்பொழுது நம் தெருவுக்கும் வந்துவிட்டது. மேலும், அதே பழக்கங்கள் மாரடைப்பையும், பக்கவாதத்தையும், சிறுநீரகச் செயலிழப்பையும் உடன் அழைத்து வருவன. ஒரு கதவை அடைத்தால் நான்கு பகைவரைத் தடுக்கலாம்.

இந்நோய்க்கு மருத்துவ அறிவியல் ஐயத்திற்கிடமின்றிக் கண்டறிந்துள்ள காரணங்களுள், நம் கையால் மாற்றக்கூடியவை முதன்மையாக மூன்று: புகை, உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம். ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது புகை. புகையால் நுரையீரல் கெடும் என்பதை நம் சிறுவர்களும் அறிவர். சிறுநீரகம் எவ்வாறு கெடும்? புகையிலுள்ள நச்சுப்பொருள்கள் நுரையீரல் வழியே இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தத்தைத் தூய்மை செய்யும் கடமை சிறுநீரகத்துடையது அன்றோ? ஆதலால் ஒவ்வொரு பீடியின் நஞ்சும் இறுதியில் அங்கே வந்து சேர்கிறது. புகைப்போருக்குப் புகைக்காதவரைவிட இந்நோய் வரும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மிகுதி என்று ஆய்வுகள் காட்டுகின்றன. புகைக்கும் அளவு கூடக் கூட இடரும் கூடுகிறது. விட்டொழித்தபின் ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாகக் குறைகிறது.

பீடி இலையில் சுற்றியது, ஆகவே சிகரெட்டைவிடத் தீமை குறைவு என்னும் நம்பிக்கை நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. அது பொய். பீடி இலையின் வழியே காற்று எளிதில் நுழையாது. அணையாமல் காக்க அடிக்கடி ஆழ்ந்து இழுக்க வேண்டும். அதனால் சிறிய பீடியிலிருந்தும் சிகரெட்டுக்குக் குறையாத நஞ்சு உள்ளே செல்கிறது. நம் முன்னோர் பீடியைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. களை பறிப்புக்கும் கதிரறுப்புக்கும் நடுவே பசியை மறைக்க அவர்களுக்குக் கிடைத்த மலிவான பொருள் அதுவாகவே இருந்தது. இன்றும் இவ்வூரில் முழுநிலவு இரவுகளில் கிரிவலப் பாதையில் கடை பரப்புவோரும், ஆட்டோ ஓட்டுவோரும், இலட்சக்கணக்கானோர் நடந்துபோன பாதையைப் பெருக்கித் துப்புரவாக்குவோரும் விடிய விடிய விழித்திருக்கின்றனர். அவ்விழிப்புக்குத் துணையாகத் தேநீரும் பீடியுமே கிட்டுகின்றன. அவர்களை இகழ நாம் வரவில்லை. உழைப்பின் களைப்பை விற்றுப் பிறர் பணமாக்கும் வாணிகத்திலிருந்து அவர்களை மீட்கவே விரும்புகிறோம். ஆனால் பசி தீர்ந்த வீட்டில் பிறந்து, கல்லூரி வாயிலில் நின்று புகைவிடும் இளைஞர்க்கு அந்தக் காரணமும் இல்லை என்பதை அன்போடு சொல்லிவைக்கிறோம்.

இரண்டாவது உடற்பருமன். உண்ணச் சோறின்றி மெலிந்த சமுதாயத்தில் பருமனைப் பற்றிப் பேசுவது முரணாகத் தோன்றலாம். நம் பாட்டன்மார் காலத்தில் சற்றே தொந்தி விழுந்தால் அது செல்வத்தின் அடையாளம். "பிள்ளை பூசினாற்போல் இருக்கிறான்" என்று தாய்மார் மகிழ்ந்தனர். அன்று ஏர் பின்னும் ஏற்றத்தின் மேலும் நடந்த கால்கள் இன்று நாற்காலியின் கீழும் இருசக்கர வண்டியின் மேலும் அசையாதிருக்கின்றன. கேழ்வரகுக் கூழும் ஜவ்வாது மலைச் சாமையும் இருந்த இடத்தில், மைதா பரோட்டாவும், அடுமனைப் பண்டங்களும், புட்டியில் அடைத்த இனிப்புநீரும் வந்து அமர்ந்தன. உழைப்பு குறைந்து உணவு மாறியபொழுது உடல் பெருக்கிறது.

மிகைக் கொழுப்பு உடலில் வாளாவிராது. அது இன்சுலின் முதலிய சுரப்புகளின் அளவை மாற்றுகிறது. உயிரணுக்களைப் பெருகத் தூண்டும் பொருள்களை மிகுவிக்கிறது. ஓயாத அழற்சியை உண்டாக்குகிறது. இவையெல்லாம் புற்றணுக்களுக்கு உரமாகின்றன. உடல் எடை கூடக் கூட இந்நோயின் இடர் படிப்படியாக உயர்வதை ஆண், பெண் இருபாலாரிடத்தும் ஆய்வுகள் உறுதி செய்துள்ளன. இதை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டா. தையற்காரரின் அளவுநாடா போதும். நம் நாட்டு ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் கடக்கலாகாது.

நடை இதற்கு நல்ல மருந்து. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர் நீளமுடையது. அதனை ஒருமுறை சுற்றிவர ஆகும் மூன்று நான்கு மணி நேரத்தை வார நாள்களுக்குப் பகிர்ந்தளித்தால், நாள்தோறும் அரைமணி நேர நடையாகும். வாரத்திற்கு 150 நிமிடம் வேக நடை வேண்டுமென்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் அளவு அதில் நிறைவுபெற்று விடுகிறது. நடப்பதற்கு மலையடிவாரம்தான் வேண்டுமென்பதில்லை. ஏரிக்கரையும் பள்ளித் திடலும் போதும். நம் பெண்மக்களும் அச்சமின்றி நடக்க அங்கே விளக்கும் துணையும் வேண்டும். அதற்கு ஏற்பாடு செய்வது ஊரின் கடமை.

மூன்றாவது உயர் இரத்த அழுத்தம். இதுவே மூன்றனுள் மிகவும் வஞ்சகமானது. தலைவலியோ மயக்கமோ இல்லாமல் பத்தாண்டுகள்கூட உடலுக்குள் ஒளிந்திருக்கும். உயர் அழுத்தம் உடையோர்க்குச் சிறுநீரகப் புற்றுநோயின் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்களை அது நாளடைவில் சிதைக்கிறது. சிறுநீரகம் செயலிழந்து நெடுங்காலம் இரத்தச் சுத்திகரிப்பில் வாழ்வோரின் பழுதுற்ற சிறுநீரகங்களில் நீர்க்கட்டிகள் தோன்றி, அவற்றிடையே புற்றுநோய் எழுவதும் உண்டு. மருத்துவரிடம் அளந்துபார்க்கையில் 140க்கு 90 என்னும் அளவிலோ அதற்கு மேலோ மீண்டும் மீண்டும் இருப்பின் அது நோயே. "எனக்கு ஒன்றும் செய்யவில்லையே, மாத்திரை எதற்கு?" என்று பாதியில் நிறுத்துவோர் பலர். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கே அந்த மாத்திரை என்பதை வீட்டிலுள்ள படித்த பிள்ளைகள் எடுத்துரைக்க வேண்டும்.

அழுத்தத்தை ஏற்றுவதில் உப்புக்குப் பெரும் பங்குண்டு. ஒருவர்க்கு ஒருநாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாத உப்பே போதும். உலக மக்கள் சராசரியாக அதைப்போல் இரு மடங்கு உண்கின்றனர். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, உப்புக்கண்டம் ஆகியவற்றில் மறைந்துவரும் உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இம்மூன்றையன்றி, நம் இளைஞர்களும் பெரியோர்களும் அறிய வேண்டியவை வேறு சில உள. செய்யாறு, ஒரகடம், ஓசூர் ஆகிய இடங்களின் தொழிற்பேட்டைகளுக்கு நம் பிள்ளைகள் வேலைக்குச் செல்கின்றனர். உலோக உறுப்புகளின் எண்ணெய்ப் பசையைப் போக்கப் பயன்படும் டிரைகுளோரோ எத்திலீன் என்னும் கரைப்பான் சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்குவதென்று, பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் வல்லுநர் குழு 2012இல் முடிவு செய்தது. ஆகவே எந்தத் தொழிற்சாலையில் பணியாற்றினாலும், கையாளும் பீப்பாயின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். அதன் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். கையுறையும் காற்றோட்டமும் கேட்டுப் பெறுங்கள். எழுத்தறிவு உயிரைக் காக்கும் இடங்களுள் இதுவும் ஒன்று.

அடுத்து, வலி மாத்திரைகள். நாற்று நட்ட இடுப்பு வலிக்கும், மூட்டை சுமந்த தோள் வலிக்கும் கடையில் கேட்டு வாங்கி நாள்தோறும் விழுங்கும் வழக்கம் நம் ஊர்களில் மிகுதி. முன்னாளில் தலைவலிக்குப் பெரிதும் பயன்பட்ட ஃபினாசெட்டின் என்னும் மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்து, அதன் நீர் சேரும் அறையில் புற்றுநோயையும் விளைத்ததால், 1980களில் இந்தியா உட்படப் பல நாடுகளில் தடை செய்யப்பட்டது. இன்று விற்கும் வலி மாத்திரைகள் அம்மருந்தல்ல. எனினும் அவற்றுள் பலவும் நெடுநாள் உண்டால் சிறுநீரகத்தைப் பழுதாக்குவனவே.

நாட்டு மருந்து பற்றியும் ஒரு சொல். அயோத்திதாசப் பண்டிதர் தேர்ந்த சித்த மருத்துவர். மருத்துவம் நம் மக்களின் மரபுச் செல்வங்களுள் ஒன்று. அதனைத் தாழ்த்திப் பேச நாம் உடன்படோம். ஆனால் கற்றறிந்த மருத்துவரின் கையிலுள்ள மூலிகை வேறு. சந்தையில் விற்கும் பெயர் தெரியாத பொடி வேறு. ஆடுதின்னாப்பாளை, ஈச்சுரமூலி ஆகியன ஒரே இனத்துச் செடிகள். இவ்வினத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்னும் நச்சு உண்டு. 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் மெலிய மருந்துண்ட பெண்கள் பலர், அம்மருந்தில் இவ்வினத்து மூலிகை கலந்திருந்தமையால் சிறுநீரகம் பழுதாயினர். பின்னர் அவர்களுள் சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது. ஆதலின் இச்செடிகளைத் தாமாகவே அரைத்து உள்ளுக்குக் கொள்ளும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்.

நோய்க்குக் காரணம் அல்லாதவற்றையும் காரணமென்று சொல்லி அச்சுறுத்துவது கல்விச் சங்கத்திற்கு அழகன்று. மது சிறுநீரகப் புற்றுநோயை உண்டாக்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. இதனைக் கேட்டுக் குடிப்போர் மகிழ வேண்டா. வாய், தொண்டை, உணவுக்குழல், கல்லீரல், பெருங்குடல், பெண்களின் மார்பகம் ஆகியவற்றில் புற்றுநோயை விளைப்பது மது. இரத்த அழுத்தத்தை ஏற்றுவதும் அது. நம் குடும்பங்களைச் சீரழித்ததைச் சொல்லவும் வேண்டுமோ? அவ்வாறே, மாட்டிறைச்சி உண்பதால்தான் இந்நோய் வருகிறது என்று நம் உணவைப் பழிப்போர் கூறின், அதற்கு உறுதியான சான்று இல்லை என்று தலைநிமிர்ந்து கூறலாம். எந்த இறைச்சியாயினும் உப்பிட்டு உலர்த்தியதைக் குறைத்து, அளவோடு, காய்கறியோடு சேர்த்து உண்பதே நன்று. முற்பிறவிப் பாவத்தால் நோய் வருகிறதென்னும் பேச்சை நாம் ஏற்பதில்லை. பரம்பரையாக இந்நோய் வரும் குடும்பங்கள் சில உண்டு. தாய், தந்தை, உடன்பிறந்தோர்க்கு இந்நோய் இருந்திருப்பின் மருத்துவரிடம் மறவாது கூற வேண்டும். புகையே தொடாதவர்க்கும் இந்நோய் வரக்கூடும். ஆகவே நோயுற்றவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது அறமாகாது.

இனி அறிகுறிகள். தொடக்கத்தில் இந்நோய் எவ்வித அறிகுறியும் காட்டுவதில்லை. வேறொன்றுக்காக வயிற்றை ஸ்கேன் செய்யும்பொழுது தற்செயலாகக் கண்டறியப்படுவோரே மிகுதி. பிறகு தோன்றும் அடையாளங்களுள் முதன்மையானது, வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் வருதல். விலாப்புறத்தில் தீராத வலி, தடிப்பு, காரணமின்றி உடல் மெலிதல், விட்டுவிட்டு வரும் காய்ச்சல், சோர்வு ஆகியனவும் உண்டு. சிறுநீர் சிவந்து போனால் "சூடு பிடித்துவிட்டது" என்று கூறி இளநீரும் நீராகாரமும் பருகுவது நம் வழக்கம். இரண்டு நாளில் இரத்தம் தானாகவே நின்றுவிடும். இளநீர் குணமாக்கிற்று என்று எண்ணி நாம் மறந்துவிடுவோம். புற்றுநோயின் குருதிப்போக்கு அவ்வாறு நின்று, சில மாதங்கள் கழித்து மீண்டும் வரும் இயல்புடையது. அந்தச் சில மாதங்களே உயிரைக் காப்பதற்கான காலம். ஆகவே ஒரே ஒருமுறை இரத்தம் கண்டாலும், வலி இல்லாவிடினும், நின்றுபோனாலும், மருத்துவரைக் கண்டே ஆக வேண்டும். கல்லோ கிருமியோ காரணமாக இருக்கலாம். அதனைச் சோதித்தே அறிய வேண்டும். பெண்கள் இதைச் சொல்ல நாணுவர். மாதவிலக்கென்று கருதி விட்டுவிடுவதும் உண்டு. தாய்மார்கள் தம் மக்களிடமும் மருமக்களிடமும் இதுபற்றி மனம்விட்டுப் பேச வேண்டுகிறோம்.

சிறுநீரகத்திற்குள்ளேயே அடங்கியிருக்கும் நிலையில் கண்டறிந்தால், அறுவை மருத்துவத்தால் பெரும்பாலோர் நலம் பெறுகின்றனர். கட்டியுள்ள பகுதியை மட்டும் அகற்றிச் சிறுநீரகத்தைக் காக்கவும் இன்று இயலும். ஒன்றை முழுதும் அகற்றினாலும் நலமாயுள்ள மற்றொன்றைக் கொண்டு வாழலாம். புற்றுநோய் என்றாலே மரணம் என்று வீட்டில் ஒளித்துவைக்கும் காலம் கடந்துவிட்டது.

எங்கே செல்வது? அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டணமின்றி அளக்கின்றனர். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்கீழ் மாத்திரைகளை வீட்டிற்கே கொண்டுவந்து தருகின்றனர். திருவண்ணாமலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும், சென்னை அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் முயற்சியால் 1954இல் தோன்றிய புற்றுநோய் மருத்துவமனையும் உள்ளன. தகுதியுடைய குடும்பங்கட்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் துணைநிற்கும். நோய் வந்தபின் அட்டைக்கு அலைவதினும், நலமாயிருக்கும்பொழுதே பெற்றுவைத்தல் அறிவுடைமை. புகையிலையை விட விரும்புவோர் 1800-112-356 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அறிவுரை பெறலாம்.

நிறைவாக, நம் சங்கத்திற்குச் சில வேண்டுகோள்கள். நம் படிப்பகத்தில் ஓர் இரத்த அழுத்தக் கருவியும், ஓர் எடைப்பொறியும், ஓர் அளவுநாடாவும் வைத்திடுவோம். முப்பது வயது கடந்த உறுப்பினர் ஒவ்வொருவரின் அளவையும் ஆண்டுக்கு இருமுறை குறித்துவைக்கும் பணியை, செவிலியர் பயிற்சி பெறும் நம் பெண்மக்கள் ஏற்கட்டும். திருமணத்திலும் துக்கத்திலும் தாம்பாளத்தில் பீடி, சிகரெட், புகையிலை வைத்து உபசரிக்கும் வழக்கத்தை இன்றோடு நிறுத்துவோம். கல்வி நிலையங்களிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள்களை விற்கலாகாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. நம் பள்ளிகளின் வாயிலில் அச்சட்டம் நடைமுறையில் உள்ளதா என்று கண்காணித்து, இல்லையேல் மனுக் கொடுப்பது நம் இளைஞர் அணியின் வேலையாகட்டும். மனு எழுதத்தானே நமக்குக் கல்வி கற்பித்தனர்!

இச்சங்கம் பொன்விழாக் காணும் நாளில், இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் நடுவயதினராக இருப்பர். அவர்கள் தம் பிள்ளைகளின் கை பிடித்து, மூச்சிரைக்காமல் இந்த மேடையேற வேண்டும் என்பதே எங்கள் விருப்பம்.